வண்டி கை மாறினால் போதுமா?



இன்றைய பேச்சு பழைய வேன் வாங்குவது பற்றியது. புது வண்டி வாங்குவது எளிது. பணத்தைக் கட்டினால் போதும். தாள் வேலை எல்லாவற்றையும் கம்பெனிக் கடையே முடித்துத் தரும். பழைய வண்டி அப்படி இல்லை. அது இன்னொருவர் வீட்டில் இருந்துவிட்டு வருகிறது. அதன் நோயும் கூடவே வரும். அதன் கடனும் கூடவே வரும்.

அண்ணன், தம்பி என்று இரண்டு பேரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஊர் கன்னியாகுமரி மாவட்டம். பிழைப்பு திருவனந்தபுரத்தில். குடியிருப்பது கரமனையில். வேலை, சன்னல் கண்ணாடி துடைப்பது. தம்பி பத்தாம் வகுப்புவரை படித்தவன். அண்ணன் நாற்பது வயதுக்குப் பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்.

திருவனந்தபுரத்தில் இந்த வேலைக்குக் குறைவில்லை. 1990-ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கியது. அதன் பிறகு கழக்கூட்டம் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. கோவளத்திலும் விழிஞ்ஞத்திலும் கடற்கரையை ஒட்டி விடுதிகள் இருக்கின்றன. கடல் காற்றில் உப்பு வரும். அது கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். இன்று துடைத்தாலும் சில நாளில் மறுபடி படியும். உப்பு இருக்கும்வரை இவர்களுக்கு வேலை உண்டு. உயரமான கட்டடத்தில் கயிற்றில் தொங்கித் துடைப்பது வேறு தொழில். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நம் அண்ணன் தம்பி ஏணி எட்டும் வரைதான் ஏறுவார்கள்.

இதுவரை அவர்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். வாளி, வைப்பர், பிரஷ் எல்லாம் அதில் போய்விடும். ஏணி போகாது. ஏணிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். போக வர ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 20 நாள் வேலை. ஆட்டோவுக்கு மட்டும் 10,000 ரூபாய். தம்பி இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினான். பழைய வேன் ஒன்று வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள்.

எந்த வேன்?

வண்டி பார்க்கப் போகும் முன் வீட்டில் ஒரு கணக்குப் போட வேண்டும். வண்டியில் என்ன ஏறும்? அதன் எடை என்ன?

ஆள் இரண்டு பேர். 130 கிலோ. ஏணி, கயிறு, பம்பு, வாளி, சோப்பு எல்லாம் சேர்த்து 60 கிலோ. இதுவரை தொல்லை இல்லை. தொல்லை தண்ணீரில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 500 லிட்டர் டேங்க் வைத்தால் 500 கிலோ. அதாவது ஏழெட்டு ஆட்கள் எப்போதும் வண்டியில் உட்கார்ந்திருப்பது போல. அந்த ஆட்கள் சும்மாவும் உட்கார மாட்டார்கள். டேங்க் பாதி நிறைந்திருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாயும். பிரேக் போட்டால் முன்னால் பாயும். வண்டியையும் சேர்த்து இழுக்கும்.

கேரளத்தில் கிணறு இல்லாத வீடு குறைவு. நகரத்தில் அருவிக்கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிறது. வாடிக்கையாளர் வீட்டிலேயே தண்ணீர் இருக்கும்போது 500 லிட்டரை ஊர் முழுவதும் சுமப்பது வீண் வேலை. அண்ணன் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "நாலு கேன் போதும்லே. மிச்சம் அவங்க கிணத்துல கோரிக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பெரிய வண்டிக்கான செலவு மிச்சமாயிற்று.

இனி வண்டிகளைப் பார்ப்போம். சின்ன வேன் என்றதும் எல்லோருக்கும் மாருதி ஓம்னிதான் நினைவுக்கு வரும். 1984-ஆம் ஆண்டு வந்த வண்டி. சினிமாவில் ஆள் கடத்துவதற்கென்றே பிறந்தது போல் காட்டுவார்கள். உண்மையில் பால், பேப்பர், பந்தல் சாமான், கேட்டரிங் என்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட வண்டி அது. பக்கக் கதவு தள்ளித் திறக்கும் வகை. குறுகிய சந்தில் நிறுத்தினாலும் சாமானை எடுக்கலாம். மாருதி 800 காரில் உள்ள அதே 796 சி.சி. எஞ்சின் என்பதால் உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும். ஆனால் 2019-ஆம் ஆண்டு இந்த வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு ஓம்னியும் வயதான வண்டிதான். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் வரியும் ஏறும். 14 வயது வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம். அடுத்த ஆண்டு வரப்போகும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது டாடா ஏஸ். 2005-ஆம் ஆண்டு வந்தது. ஊரில் குட்டி யானை என்பார்கள். முதலில் வந்த டீசல் ஏஸ் 750 கிலோ சுமக்கும். பின்னால் ஏறக்குறைய 7 அடி நீளத் தட்டு. உண்மையிலேயே தண்ணீர் சுமக்க வேண்டியவர்களுக்கு ஏற்றது. ஆனால் திறந்த வண்டி. திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. பம்பும் துணியும் நனையும். இரவில் சாமானை இறக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது மாருதி ஈக்கோ. 2010-ஆம் ஆண்டு வந்தது. இதில் பின் இருக்கை இல்லாத சரக்கு வேனும் உண்டு. மூடிய வண்டி. விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் கண்ணாடி துடைக்கிறவர்களுக்குப் பொருத்தமானது இதுதான்.

"ஆள் போகிற வேனை வாங்கி சீட்டைக் கழற்றிவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது சட்டப்படி தவறு. கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை விருப்பம் போல் மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சரக்கு ஏற்ற வேண்டுமா? சரக்கு வண்டி என்று பதிவான வண்டியையே வாங்குவது நல்லது. அதற்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்கும். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் இதை ஓட்டலாமா என்று தம்பி பயந்தான். ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஏணியைப் பற்றி ஒரு சொல். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஏணி போகக் கூடாது. அனுமதித்த அளவுக்கு மேல் சாமான் வெளியே நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. பின்னால் பைக்கில் வருகிறவன் கண்ணுக்கு ஏணி முனை தெரியாது. அபராதம் இல்லாவிட்டாலும் அது பெரிய பாவம். இரண்டாக மடங்கும் அலுமினிய ஏணி வாங்கினால் வண்டிக்குள்ளேயே வைக்கலாம். வண்டி பார்க்கப் போகும்போது கையில் ஒரு டேப்பைக் கொண்டு போங்கள். ஏணியின் நீளத்தையும் வண்டியின் உள் நீளத்தையும் அளந்து பாருங்கள்.

முதல் வண்டி

அண்ணன் தம்பி முதலில் பார்த்தது நகரத்துக்குள்ளேயே ஒரு ஓம்னி. புது வெள்ளைப் பெயின்ட். பளபளவென்று நின்றது.

"அண்ணே, புதுசு மாதிரி மின்னுது" என்றான் தம்பி.

கூட வந்த மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்தார். கதவின் மேல் பக்கத்தில் வைத்தார். ஒட்டியது. கதவின் கீழ்ப் பக்கத்தில் வைத்தார். கீழே விழுந்தது. தகரம் இருந்தால் காந்தம் ஒட்டும். பட்டி பூசியிருந்தால் ஒட்டாது. அந்தக் கதவின் கீழ்ப் பாதி தகரமே இல்லை. வெறும் பட்டி.

பிறகு உள்ளே விரித்திருந்த மேட்டைத் தூக்கினார். அடியில் துரு. ஒரு மணமும் வந்தது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அந்த மணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது மீன் வண்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் தரையில் ஓடியிருக்கிறது. மேலே பெயின்ட் அடித்தால் உப்பு போய்விடுமா?

திருவனந்தபுரத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் துருவைத்தான் பார்க்க வேண்டும். தள்ளு கதவு ஓடும் தண்டவாளம், சக்கரத்தின் மேல் வளைவு, தரையின் அடிப்பக்கம். இந்த மூன்று இடத்திலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி துடைக்கிறவர்களின் வண்டியில் தினமும் ஈரத்துணியும் ஈர வாளியும் ஏறும். ஏற்கெனவே துரு உள்ள வண்டி அதைத் தாங்காது.

துருவுக்கு அண்ணன் முறை வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பது உண்டு. சீட்டுக்கு அடியில் உள்ள கம்பி துருப்பிடித்திருக்கிறதா? விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் கட்டியிருக்கிறதா? சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா? வெளியே தெரிகிற இடத்தைத்தான் கழுவுவார்கள். சுருண்டு கிடக்கிற இடத்தைக் கழுவ மறந்துவிடுவார்கள்.

எஞ்சினைக் காலையில் பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறது. பிறகு ஓட்டிப் பாருங்கள். இந்த ஊர் மேடும் பள்ளமுமான ஊர். சமதளத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஏற்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் நிறுத்திக் கை பிரேக் போட்டுப் பாருங்கள்.

டயரில் ஒரு எழுத்துப் பாடம் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தனியாக அச்சடித்திருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். விற்பவர் "போன வருஷம் போட்ட டயர்" என்று சொல்வார். டயர் வேறு சொல்லும். அண்ணன் குனிந்து இந்த நான்கு இலக்கத்தைத் தானே படித்தார். அன்றிலிருந்து ரோட்டில் நிற்கிற வண்டியின் டயரை எல்லாம் படிக்கத் தொடங்கிவிட்டார்!

கிலோமீட்டர் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதைக் குறைத்து வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ரப்பர் வழுவழுவென்று தேயாது.

இரண்டாவது வண்டி

எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் ஒரு வேன் இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். விலை நல்ல மலிவு. திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். வண்டியில் குறை இல்லை. எஞ்சின் நன்றாக இருந்தது. துருவும் இல்லை. தம்பி அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்தான். அண்ணன், "ஆர்.சி.யைக் காட்டுங்க" என்றார்.

ஆர்.சி.யில் இருந்தது வேறு ஒருவரின் பெயர். விற்பவரின் பெயர் இல்லை.

"அவர்கிட்ட இருந்து நான் வாங்கினேன். பேர் மாத்தலை. இப்ப நேரா உங்க பேருக்கே மாத்திக்கலாம். இந்தா பாருங்க, அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கு" என்றார் விற்பவர். இரண்டு தாள்களை நீட்டினார். தாளில் கையெழுத்து மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமை.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஏனென்றால் பழைய வண்டியில் குடும்பங்கள் முழுகிப் போவது எஞ்சினால் அல்ல. இந்த வெற்றுத் தாளால்தான்.

சட்டத்தின் கண்ணில் வண்டியின் உரிமையாளர் யார்? பணம் கொடுத்தவரா? இல்லை. சாவி வைத்திருப்பவரா? அவரும் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

வட இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் 2007-ஆம் ஆண்டு தன் வண்டியை விற்றார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. இன்னொருவருக்கு விற்றார். அவர் மற்றொருவருக்கு விற்றார். இப்படி வண்டி பல கை மாறியது. ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009 மே மாதம் அந்த வண்டி பின்னால் எடுக்கும்போது மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். நஷ்ட ஈடு யார் கொடுப்பது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அவர் வண்டியை விற்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வண்டி எங்கே ஓடுகிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

ஏன் இப்படித் தீர்ப்பு? அடிபட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதுதான் காரணம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஆர்.சி.யில் உள்ள ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ள முடிய வேண்டும். அது நியாயம்தானே.

இது விற்கிறவருக்கு உள்ள ஆபத்து. வாங்குகிறவருக்கு என்ன ஆபத்து? நிறைய இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துபோனால் அவர் வாரிசுகள் எல்லோரையும் தேட வேண்டும். அவர் வாங்கிய கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். வண்டி திருட்டுப் போனாலோ மோதி நொறுங்கினாலோ இன்சூரன்ஸ் பணம் உங்களுக்கு வராது. பாலிசி உங்கள் பெயரில் இல்லையே! உழைத்துச் சேர்த்த ஒன்றரை லட்சம் ரூபாய் வாசலில் நிற்கும். ஆனால் அது உங்களுடையது என்று சொல்ல ஒரு தாள் இருக்காது.

மார்த்தாண்டத்து வண்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அது தமிழ்நாட்டுப் பதிவு. டி.என்.75 என்று தொடங்கும் எண். அதைக் கேரளத்தில் வைத்து ஓட்ட வேண்டும் என்றால் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்கு 28-ஆம் எண் படிவம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தின் பதிவு எண் வாங்கியாக வேண்டும். கேரளத்து வரியும் கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மலிவு என்பது காணாமல் போய்விடுகிறது. குமரி மாவட்டத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் பிழைக்கிறவர்கள் இந்தக் குழியில் எளிதாக விழுகிறார்கள். நமக்கு ஊர் பக்கம்தான். ஆனால் சட்டத்துக்கு அது வேறு மாநிலம்.

அண்ணன் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் பேருக்காரரைக் கூட்டிட்டு வாங்க. பேசலாம்" என்றார். அதன் பிறகு புரோக்கரின் போன் வரவில்லை.

மூன்றாவது வண்டி

மூன்றாவது வண்டி நெய்யாற்றின்கரையில் இருந்தது. ஈக்கோ சரக்கு வேன். கேரளப் பதிவு. பேக்கரிச் சாமான் ஏற்றிய வண்டி. பக்கத்தில் இரண்டு கீறல். பெயின்ட் மங்கியிருந்தது. தம்பிக்குப் பிடிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பிடித்திருந்தது. கீறலைப் பட்டி வைத்து மறைக்காததே ஒரு நல்ல குணம் என்றார்.

விற்பவரின் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்று. அண்ணன் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தம்பி வண்டியில் பொறித்திருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தான். 17 எழுத்தும் இலக்கமும் சரியாக இருந்தன. அரம் வைத்துத் தேய்த்த அடையாளம் இல்லை. எஞ்சின் எண்ணையும் அப்படியே பார்த்தார்கள். இந்த வேலையைப் புரோக்கரிடம் விடக் கூடாது. எழுத்து தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை.

பிறகு தம்பி போனில் எம்-பரிவாகன் செயலியைத் திறந்தான். வண்டி எண்ணைப் போட்டான். தகுதிச் சான்று எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று எல்லாம் வந்தது. சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அபராதப் பாக்கியையும் பார்த்தான். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ரோட்டோரக் கேமரா பிடித்துத் தானே அபராதம் அனுப்புகிறது. 726 கேமராக்கள். இந்த வண்டிக்கு ஒரு அபராதம் பாக்கி இருந்தது. விற்பவர் அங்கேயே கட்டினார். சரக்கு வண்டிக்குத் தொழிலாளர் க்ஷேமநிதி ரசீதும் கேட்க வேண்டும். அதில் பாக்கி இருந்தால் வரி கட்டப் போகும்போது முன்னால் வந்து நிற்கும்.

எல்லாம் சரி. ஒன்று மட்டும் சரியில்லை. ஆர்.சி.யில் ஒரு கடன் நிறுவனத்தின் பெயர் இருந்தது.

"அந்தக் கடனெல்லாம் அடைச்சு ரெண்டு வருஷமாச்சு" என்றார் விற்பவர். அவர் சொன்னது உண்மைதான். கடன் அடைத்த கடிதமும் வைத்திருந்தார். ஆனால் கடனை அடைத்தால் மட்டும் ஆர்.சி.யில் உள்ள பெயர் தானாகப் போகாது. கடன் கொடுத்தவர் 35-ஆம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். அதுவரை பெயர் மாற்றம் நடக்காது.

அண்ணன் சண்டை போடவில்லை. அவசரமும் படவில்லை. கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்தார். ரொக்கமாக இல்லை, வங்கி வழியாக. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடன் நிறுவனத்தின் பெயரை நீக்கிய பிறகுதான் மீதிப் பணம் என்று அதில் இருந்தது. மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஏணி ஆட்டோவில்தான் போனது. தம்பி தினமும் முணுமுணுத்தான்.

மூன்று வாரம் கழித்து எல்லோரும் ஒரு அக்ஷயா மையத்தில் கூடினார்கள். பெயர் மாற்றத்துக்கு 29-ஆம் எண் படிவமும் 30-ஆம் எண் படிவமும் வேண்டும். 29 என்பது "நான் விற்றுவிட்டேன்" என்று விற்பவர் சொல்வது. 30 என்பது பெயரை மாற்றித் தரும்படி கேட்பது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் எழுத வேண்டும். ஒரு காரியத்துக்காகவும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதி முடித்த பிறகு, படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. போனுக்கு வருகிற ஓ.டி.பி. எண்ணும் இன்று கையெழுத்து மாதிரிதான். எதற்காக வந்தது என்று தெரியாமல் யாருக்கும் சொல்லக் கூடாது.

வியாபாரியிடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மீதிப் பணம் கொடுத்துச் சாவி வாங்கும்போது அண்ணன் இன்னொன்றும் செய்தார். தாளில் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொன்னார். காலை 11 மணி 20 நிமிடம். ஏன்? அன்று காலை 9 மணிக்குக் கேமராவில் சிக்கியிருந்தால் அது விற்றவரின் அபராதம். பகல் 12 மணிக்குச் சிக்கினால் தம்பியின் அபராதம்!

வண்டி வீட்டுக்கு வந்தது. ஏணி உள்ளே அடங்கியது. நான்கு கேனையும் அடியில் பட்டை போட்டுக் கட்டினார்கள். ஜூன் மழைக்கு முன் அடிப்பக்கத்தில் துரு பிடிக்காத பூச்சு அடித்தார்கள். முதல் வேலை சங்குமுகத்தில், ஒரு மாடி வீட்டில்.

சில வாரம் கழித்து ஆர்.சி. வந்தது. அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் எல்லாம் ஆங்கில எழுத்து. அதையும் அவர் கொஞ்சம் கற்றிருந்தார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். தன் பெயர் சரியாக இருந்தது. அடுத்த வரியில் அப்பாவின் பெயர். அங்கே விரல் நின்றது. மறுபடி கூட்டினார்.

"லேய், அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா இருக்கே."

தம்பி வாங்கிப் பார்த்தான். ஆமாம், தப்புதான். "ஒரு எழுத்துதானே அண்ணே, விடுங்க" என்றான்.

அண்ணன் விடவில்லை. திங்கட்கிழமை காலை ஆதார் அட்டையும் ஆர்.சி.யும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பினார். போனது பஸ்ஸில்தான். வேன் கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தது.